தலைமாடு தூக்கும் கட்டில்: வாங்கலாமா, வேண்டாமா?

(மும்பையில் நடைபெற்ற மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதக் கூட்டத்தில் கட்டிலைப் பற்றிப் பேச்சு என்று காரியதரிசி அறிவித்தபோது பின் வரிசையில் சிலர் சிரித்தது என் காதில் விழுந்தது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். வேதாந்தம் பேசிய மேடையில் கட்டில், மெத்தை, கைப்பிடி என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் எழுபதைத் தாண்டியவர்கள். இன்னும் சில பேர் வீட்டில் தொண்ணூறு வயது அம்மாவோ மாமியாரோ இருக்கிறார்கள். என்றாவது ஒரு நாள் டாக்டர், "நாளைக்கு டிஸ்சார்ஜ், வீட்டில் ஒரு ஹாஸ்பிடல் கட்டில் போட்டுவிடுங்கள்" என்பார். அதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த பேஷண்டைப் பார்க்கப் போய்விடுவார். நமக்கு ஒரே ஒரு ராத்திரி அவகாசம். எனக்கு அப்படித்தான் வந்தது. அந்த ராத்திரி நான் செய்த ஒரு தப்பு என் அம்மாவின் கால்களைக் கட்டிப்போட்டுவிட்டது. அது உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

2018 நவம்பரில் அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. இருதயம் பலவீனம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். மூன்று தலையணை வைத்துப் படுப்பாள், நடுராத்திரிக்குள் சறுக்கிக் கீழே வந்துவிடுவாள், பிறகு விடியும்வரை அப்பாவின் பழைய ஈஸிசேரில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே பாத்ரூமுக்குப் போவாள். காலையில் ஸ்வாமி அலமாரி முன்னால் போய் நின்று விளக்கேற்றுவாள். அதற்கு யார் துணையும் வேண்டாம்.

எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தபோது, தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய கட்டில் வேண்டும் என்றார் டாக்டர். அமெரிக்காவில் இருக்கும் தம்பி போனில், "விலையைப் பார்க்காதே, இருப்பதில் நல்லதாக வாங்கு" என்றான். நானும் விலையைப் பார்க்கவில்லை. வேறு எதையுமே பார்க்கவில்லை என்பதுதான் தவறு. கடைக்குப் போய் ரிமோட்டை அழுத்தினால் தலைப்பக்கம் தூக்கும், முழங்கால் பக்கம் தூக்கும் ஒரு மோட்டார் கட்டிலை 48,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன்.

கட்டில் வந்து இறங்கியது. அம்மா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஆஸ்பத்திரிக் கட்டில்டா. இதிலே படுத்தவா யார் எழுந்து நடந்திருக்கா?" என்றாள். பெரியவர்கள் பேச்சு என்று நான் சிரித்து மழுப்பினேன்.

தரையிலிருந்து கட்டில் பலகை 22 அங்குலம். அதன் மேல் 5 அங்குல மெத்தை. ஆக 27 அங்குலம். அம்மா ஐந்தடிகூட இல்லை. ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் தரைக்கு மேல் ஏறக்குறைய ஒரு அடி அந்தரத்தில் தொங்கும். "கால் எட்டலைடா" என்றாள் முதல் நாளே. ஒரு முக்காலி போட்டேன். ராத்திரி இருட்டில் அதில் கால் வைத்துத் தடுமாறினாள். நல்லவேளை, என் மனைவி பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாராவது வந்து இறக்கிவிட வேண்டும் என்று ஆயிற்று. இரவில் நாலு தடவை எங்களை எழுப்ப அவளுக்குக் கூச்சம். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். பிறகு நர்ஸம்மா டயப்பர் கட்டினாள். ஆறே வாரம். நடந்துகொண்டிருந்த கால் நடப்பதை நிறுத்திவிட்டது. மூச்சு நன்றாக இருந்தது, தூக்கமும் நன்றாக வந்தது. ஆனால் விளக்கேற்ற அவளால் எழுந்து போக முடியவில்லை.

வீட்டுக்கு வந்த ஃபிஸியோதெரபிஸ்ட், ஒரு சின்னப் பெண், கட்டிலைப் பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வி: "அங்கிள், பாட்டியின் முழங்கால் உயரத்தை அளந்தீர்களா?" கடையில் யாரும் அதைக் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நாற்பது வருஷம் இன்ஜினியராக உத்தியோகம் பார்த்தவன் நான். டேப் இல்லாமல் ஒரு குழாய்கூட வாங்கியதில்லை!

என் கதை இதோடு போதும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கட்டிலை நம் ஊர்க் கடைகளில் 'ஃபவுலர் கட்டில்' என்பார்கள். ஃபவுலர் என்பது கம்பெனிப் பெயர் என்று நான் நினைத்திருந்தேன். ஜார்ஜ் ரையர்சன் ஃபவுலர் என்பவர் அமெரிக்காவில் புரூக்ளினில் இருந்த ஒரு சர்ஜன். வயிற்றில் சீழ் பிடித்த நோயாளிகளை மல்லாத்திப் படுக்க வைக்காமல், தலைப்பக்கம் உயர்த்தி வைத்தால் பிழைக்கிறார்கள் என்று 1900 ஆம் ஆண்டில் எழுதினார். அதிலிருந்து அந்தச் சாய்வுக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. முதுகுப் பகுதியும் முழங்கால் பகுதியும் தனித்தனியாக மடங்கும் கட்டிலைச் சில வருஷம் கழித்து வில்லிஸ் கேட்ச் என்ற இன்னொரு அமெரிக்க சர்ஜன் அமைத்தார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கு நாம் வாங்குவதும் அடிப்படையில் அதே கட்டில்தான். கைப்பிடி இருந்த இடத்தில் மோட்டார் வந்திருக்கிறது.

முதல் கேள்வி, இது நமக்கு வேண்டுமா? இதை டாக்டரிடம் தெளிவாகக் கேளுங்கள்: "எதற்காக உயர்த்த வேண்டும், எவ்வளவு உயர்த்த வேண்டும், எத்தனை நாளுக்கு?" இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி முடிவு ஆகிவிட்டது. இருதயக் கோளாறாலோ நுரையீரல் கோளாறாலோ மல்லாந்து படுக்க முடியாதவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுபவர்கள், மூக்கில் குழாய் வைத்து ஆகாரம் போகிறவர்கள், படுக்கையிலேயே பிறர் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், இவர்களுக்கு இந்தக் கட்டில் ஆடம்பரமே இல்லை, அவசியம். ஆகாரம் கொடுக்கும்போது சாய்த்து உட்கார வைக்காவிட்டால் அது மூச்சுக் குழாயில் இறங்கி நிமோனியா வரை கொண்டுபோய்விடும்.

ஆனால் நெஞ்செரிச்சல் மட்டும்தான் தொந்தரவு என்றால் இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. என் மனைவிக்கு ராத்திரியில் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் உண்டு. நியூஜெர்ஸியில் இருக்கும் எங்கள் பிள்ளை, ரிமோட், மஸாஜ் எல்லாம் வைத்த பெரிய டபுள் கட்டிலை ஷோரூமில் பார்த்து வாங்கச் சொன்னான். டாக்டர் சொன்னது வேறு. கட்டிலின் தலைப்பக்கக் கால்களை மட்டும் 6 முதல் 8 அங்குலம் உயர்த்தினால் போதும் என்றார். தச்சரிடம் சொல்லி, கால் நழுவாமல் உட்காரக் குழி வெட்டிய இரண்டு மரக்கட்டைகள் செய்து வைத்தோம். அவளுக்குத் தேவலை. பக்கத்தில் படுத்த நான் தினமும் காலையில் கட்டிலின் கால்மாட்டில் போய்ச் சேர்ந்திருப்பேன். கடைசியில் கட்டையை எடுத்துவிட்டு, அவளுக்கு மட்டும் முக்கோண வடிவ ஃபோம் தலையணை வாங்கினோம். முதுகிலிருந்தே சாய்வு கொடுக்கும் தலையணை அது. சாதாரணத் தலையணையை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு அமுங்கும், எரிச்சல் குறையாது. ஆகவே வியாதி ஒன்று, கட்டில் ஒன்று. இரண்டும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

சர்ஜிகல் கடைகளில் 'பேக் ரெஸ்ட்' என்று மடக்கு நாற்காலியின் முதுகு மாதிரி ஒன்று கிடைக்கும். சாதாரணக் கட்டிலின் மேலேயே வைத்துக்கொள்ளலாம். ஆபரேஷன் முடிந்து பத்து இருபது நாளைக்கு என்றால் அதுவே போதும்.

சரி, கட்டில் வேண்டும் என்றே முடிவாகிவிட்டது. எந்தக் கட்டில்?

கடையில் மூன்று வகை சொல்வார்கள். 'செமி ஃபவுலர்' என்றால் முதுகுப் பகுதி மட்டும் எழும்பும், ஒரே கைப்பிடி. 'ஃபுல் ஃபவுலர்' என்றால் முதுகும் முழங்காலும் எழும்பும், இரண்டு கைப்பிடி. மூன்றாவது வகையில் கட்டில் முழுவதுமே ஏறி இறங்கும். மூன்றுமே கையால் சுற்றும் விதத்திலும் கிடைக்கும், மோட்டார் விதத்திலும் கிடைக்கும். நான் வாங்கியது இரண்டு மோட்டார். உயரத்துக்கான மூன்றாவது மோட்டார் அதில் இல்லை. ரிமோட் இருந்ததும் எல்லாம் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

என்னைக் கேட்டால் முழங்கால் பகுதி எழும்பாத கட்டிலை நீண்ட நாளைக்கு வாங்காதீர்கள். முதுகை மட்டும் தூக்கினால் உடம்பு சறுக்கிக் கீழே வரும். எலும்பு சறுக்கும், தோல் மெத்தையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே இருக்கும் ரத்தக்குழாய் இழுபடும். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் முதலில் முழங்காலைக் கொஞ்சம் உயர்த்திவிட்டு, பிறகு முதுகை உயர்த்த வேண்டும். இறக்கும்போது முதுகை முதலில் இறக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்திலும் அதற்குப் பிறகு அரைமணி, ஒரு மணி நேரமும் நன்றாக நிமிர்த்தி வையுங்கள். மற்ற நேரத்தில், டாக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், 30 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

முப்பது டிகிரியை எப்படி அளப்பது? இன்ஜினியர் புத்தி ஒன்று சொல்கிறேன். முதுகுப் பலகையின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 30 அங்குலம் என்றால், அதன் மேல் நுனி கட்டில் சட்டத்திலிருந்து அதில் பாதி, 15 அங்குலம் உயர்ந்திருந்தால் அது 30 டிகிரி. 21 அங்குலம் உயர்ந்தால் 45 டிகிரி. சுவரில் பென்சிலால் இரண்டு கோடு போட்டுவிடுங்கள். நர்ஸ் மாறினாலும் கோடு மாறாது.

இப்போது உயரம். நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளவெடுங்கள். மெத்தையோடு சேர்த்துக் கட்டில் அந்த உயரத்துக்கு அருகில், அல்லது ஒன்றிரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கலாம். கூடுதலாக இருந்தால் எழுந்து நிற்பது சுலபம். அதற்கு மேல் போனால் பாதம் தரையில் படியாது. உயரம் மாறும் கட்டில் என்றால், 'எவ்வளவு உயரம் போகும்' என்று கேட்காதீர்கள், 'எவ்வளவு தாழ்வாக இறங்கும்' என்று கேளுங்கள். கடைக்காரர் பலகை வரைக்கும்தான் சொல்வார். மெத்தையை நீங்கள் கூட்டிக்கொள்ள வேண்டும். உயர்த்துவதும் பிரயோஜனம்தான். உடம்பு துடைக்கும்போதும் டயப்பர் மாற்றும்போதும் கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டால் பார்த்துக்கொள்பவர் முதுகு பிழைக்கும். நம் வீடுகளில் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் எழுபது வயது மனைவி என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது இடம். இந்தக் கட்டில் ஏறத்தாழ 7 அடி நீளம், 3 அடி அகலம். நம் மாடுங்கா, செம்பூர், முலுண்ட் ஃபிளாட்டுகளில் பெட்ரூம் பத்துக்குப் பத்து இருந்தால் பாக்கியம். இரண்டு பக்கமும் இரண்டரை அடி நடமாட்டத்துக்கு விட்டால் 8 அடி ஆயிற்று. கோத்ரேஜ் பீரோ எங்கே போகும் என்று முதலிலேயே யோசியுங்கள். கட்டில் லிஃப்டில் நுழையாது. கழற்றி மாடிப்படியில் ஏற்றி, உள்ளே பூட்ட வேண்டும். பூட்டித் தருவது விலையில் சேர்த்தியா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பாத்ரூம் போகும் பக்கம், அவர் இறங்கும் பக்கமாக இருக்கட்டும். பக்கவாதம் வந்தவர் என்றால் பலமுள்ள கைப்பக்கமாக இறங்கும்படி போடுங்கள்.

எங்கள் வீட்டில் பிளக் பாயிண்ட் வடக்குச் சுவரில். அம்மா வடக்கே தலை வைக்க மாட்டேன் என்றாள். நியாயம்தானே, எண்பது வருஷப் பழக்கம். எக்ஸ்டென்ஷன் வயரைத் தரையில் இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். வாக்கரோடு நடக்கிறவர்களுக்கு அது யமன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தெற்குச் சுவரில் எர்த்தோடு பாயிண்ட் போட்டோம்.

மோட்டாரா, கைப்பிடியா? நோயாளிக்குப் புத்தி தெளிவாக இருந்து, கையில் பலமும் இருந்தால் மோட்டார் பெரிய வரம். நடுராத்திரியில் யாரையும் எழுப்பாமல் தானே பட்டனை அழுத்தி நிமிர்ந்துகொள்ளலாம். அந்த ஸ்வதந்திரத்துக்கு விலை கிடையாது. மறதி நோய் உள்ளவர் என்றால் ரிமோட்டைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதும் இன்னொருவர்தான் தூக்க வேண்டும் என்றால் கைப்பிடிக் கட்டிலே போதும், விலை மிகக் குறைவு. 2018 இல் எனக்குச் சொன்ன கணக்குப்படி இரண்டு கைப்பிடிக் கட்டில் 18,000. இன்றைய விலை மாறியிருக்கும், நாலு கடையில் விசாரியுங்கள். ஆனால் கைப்பிடியைக் கடைக்காரர் சுற்றிக் காட்டுவதை நம்பாதீர்கள். உங்களில் ஒருவர் கட்டிலில் படுத்து, வீட்டில் தினமும் யார் சுற்றப் போகிறாரோ அவரைக் குனிந்து சுற்றச் சொல்லுங்கள். காலிக் கட்டில் எல்லாமே லேசாகத்தான் சுற்றும்.

மோட்டார் கட்டிலில் மூன்று சந்தேகம் கேளுங்கள். மின்சாரம் போனால் பாட்டரியில் இறங்குமா, அல்லது கையால் இறக்க முடியுமா? மோட்டார் பழுதானால் இந்த ஊரிலேயே ரிப்பேர் உண்டா, எத்தனை நாளில் ஆள் வருவார்? நோயாளி, மெத்தை எல்லாம் சேர்த்து எவ்வளவு எடை தாங்கும்? இன்னொன்று, இந்த மோட்டார்கள் விடாமல் ஓடுவதற்காகச் செய்தவை அல்ல. பொதுவாக இரண்டு நிமிஷம் ஓடினால் பதினெட்டு நிமிஷம் ஓய்வு வேண்டும். எங்கள் பேரன் விடுமுறைக்கு வந்தபோது ரிமோட்டை வைத்துக்கொண்டு கொள்ளுப்பாட்டிக்கு ஊஞ்சல் ஆட்டினான். அம்மா சிரித்தாள், மோட்டார் நின்றுவிட்டது. குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் புகுந்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும் சட்டத்தில் கை மாட்டினால் விபரீதம்.

மெத்தை விஷயம். நம் வீட்டுத் தென்னைநார் மெத்தை மடங்காது. ஸ்பிரிங் மெத்தையில் பெரும்பாலானவை மடங்காது. இலவம்பஞ்சு மெத்தை மடங்கும், ஆனால் இரண்டு வாரத்தில் பஞ்செல்லாம் ஒரு பக்கம் திரண்டுவிடும். அடர்த்தியான ஃபோம் மெத்தை, துடைத்துக் கழுவக்கூடிய உறையோடு, கட்டிலின் அளவுக்கே வாங்குங்கள். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விழக் கூடாது. புரண்டு படுக்க முடியாதவர்களுக்கு மேலே காற்று மெத்தை வேண்டும். மாறி மாறிக் காற்று ஏறி இறங்கும் பம்ப்போடு வரும். அதைப் போட்டுவிட்டால் புண்ணே வராது என்று நினைக்காதீர்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பதும், தினமும் இடுப்பிலும் குதிகாலிலும் தோலைப் பார்ப்பதும் நிற்கக் கூடாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

பக்கக் கம்பி பற்றி ஒரு எச்சரிக்கை. கம்பி போட்டுவிட்டால் விழ மாட்டார்கள் என்று நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். கலங்கிய புத்தியோடு இருப்பவர்கள் கம்பி மேல் ஏறி இறங்கப் பார்ப்பார்கள். அப்போது விழுவது இன்னும் உயரத்திலிருந்து. கம்பிகளுக்கு நடுவே தலை மாட்டி இறந்தவர்களும் உண்டு. அமெரிக்க அரசின் மருந்து, உபகரணக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2006 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தலை நுழையக்கூடிய இடைவெளி 120 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. நம் கடையில் டேப்பை வைத்து அளந்து பார்க்கலாம், வெட்கப்பட வேண்டாம். எழுந்து நடமாடக்கூடியவருக்கு முழுநீளக் கம்பி வேண்டாம். தலைப்பக்கம் பிடித்து எழுந்திருக்க அரைக் கம்பி போதும். சக்கரத்தில் பிரேக் நான்கிலும் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, வாங்குவதா, வாடகைக்கா? எவ்வளவு நாள் வேண்டும் என்று தெரியாதபோது முதல் மாதம் வாடகைக்கு எடுங்கள். அறையில் பொருந்துகிறதா, உயரம் சரியா, அவருக்குப் பிடிக்கிறதா என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். நான் வாங்கியதைக் கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். அது மூட்டையாகப் பால்கனிக்குப் போயிற்று. பிறகு அந்தப் பெண் சொன்னபடி, பலகை நன்றாகத் தாழ இறங்கும் மூன்று கைப்பிடிக் கட்டிலை மாதம் 3,500 ரூபாய் வாடகைக்கு எடுத்தோம். ஒரு வருஷத்துக்கு மேல் அதே வாடகை கொடுத்தேன். "வாங்கியிருந்தால் லாபமாச்சே, கணக்குப் பார்க்கவில்லையா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கணக்கு எனக்கும் தெரியும். வாங்கும் விலையை மாத வாடகையால் வகுத்தால் எத்தனை மாதத்துக்குமேல் லாபம் என்று வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் உட்கார்ந்து, அம்மா இன்னும் எத்தனை மாதம் இருப்பாள் என்று கணக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் அந்தக் கணக்கைப் போட்டால் தப்பில்லை. போட முடியாவிட்டாலும் தப்பில்லை.

தாழ்ந்த கட்டில் வந்த அன்று அம்மா ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள். வலது காலை ஒரு தட்டுத் தட்டினாள். "இது கட்டில்" என்றாள். அவ்வளவுதான். ஆறு வாரத்தில் போன பலம் முழுசாகத் திரும்பவில்லை. அந்தப் பெண் தினமும் வந்து பயிற்சி கொடுத்ததில், மூன்றாவது மாதம் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் வாக்கர் என்று ஸ்வாமி அலமாரி வரை பத்தடி நடந்தாள். தனியாகப் போகவே இல்லை. 2020 பிப்ரவரியில், உறக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். தலைமாடு 30 டிகிரிக் கோட்டில் இருந்தது. முதல் கட்டிலை வாங்கும் முன் டேப்பை எடுத்திருந்தால் அந்தப் பத்தடியை அவள் தனியாகவே நடந்திருப்பாளோ என்ற எண்ணம் இன்றைக்கும் எனக்கு விடவில்லை.

பால்கனியில் கிடந்த உயரக் கட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நம் உறுப்பினர் ஒருவர், ஆறடி உயரம், முழங்கால் ஆபரேஷன் ஆனவர். தாழ்ந்த கட்டிலிலிருந்து எழ முடியாமல் அவஸ்தைப்பட்டார். மெத்தையை மட்டும் மெலிசாக மாற்றி அந்தக் கட்டிலை அவர் வீட்டில் போட்டோம். அவருக்கு அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. ஆக, கட்டிலின் மேல் குற்றமில்லை. யாருக்கு எது என்று பார்க்காத என் மேல்தான் குற்றம். அவருக்குக் குணமானதும் வேறு ஒரு வீட்டுக்குப் போயிற்று. இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது.

இதிலிருந்து நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இங்கே எத்தனை வீட்டுப் பரணிலும் பால்கனியிலும் இப்படிக் கட்டிலும் வாக்கரும் கம்மோட் நாற்காலியும் தூசி படிந்து கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். கொடுக்க நமக்கு மனசு உண்டு, யாருக்கு வேண்டும் என்பதுதான் தெரிவதில்லை. காரியதரிசியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். என்ன சாமான், மெத்தையோடு எத்தனை அங்குல உயரம், எந்தப் பேட்டையில் இருக்கிறது என்று மூன்றே வரி. டிஸ்சார்ஜ் என்று சொன்ன அன்று ராத்திரி கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு போன் செய்து கேட்க ஓர் இடம் இருக்கும். முதல் வரியாக என் கட்டிலை இன்றே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் பெரியவர் யாரோ அவரை நாற்காலியில் உட்கார வைத்து முழங்கால் உயரத்தை அளந்து, டெலிபோன் டைரியில் எழுதி வையுங்கள். இன்றைக்கு அது தேவைப்படாது. தேவைப்படும் அன்று அளக்க உங்களுக்குத் தோன்றாது.